குளிர்முகில் இல்லத்தில் தங்கியவர்

நாட்டில் சனங்கள் கண்டபடி ஏமாறுகிறார்கள், அதில் ஓர் ஒழுங்குமுறை இல்லை என்று கொழும்பில் யாரோ கவலைப்பட்டதன் விளைவாகப் பயணிகள் தங்குமிட உறுதிப்பாட்டு அதிகார சபை உண்டாயிற்று. அதன் கரையோரக் கிளையைக் கல்முனையில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்துத் திறந்தார்கள். ஏறிப் போகும் படிக்கட்டுக்குக் கைபிடி இல்லை. கைபிடி வேறொரு சபையின் பொறுப்பு என்று சொன்னார்கள். முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் ஊர்ச்சனம் அதை 'உறுதிச் சபை' என்று சுருக்கிக்கொண்டது.

சபையின் முதலாவது விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போனவர்களில் ஆதம்பாவாவும் ஒருவர். சாய்ந்தமருதைச் சேர்ந்தவர். கல்முனை பசாரில் ஒரு சீலைக்கடையில் வாலிபத்திலிருந்தே துணி கிழித்துக் கொடுக்கும் மனிதர். யாரோடும் சத்தம் போட்டுக் கதைத்தறியாதவர். அவரிடம் ஒரு குணம் இருந்தது. முத்திரை குத்திய எதையும் நம்பிவிடுவார். இறைச்சிக் கடையில்கூட நீல முத்திரை விழுந்த தொடைத் துண்டைத்தான் கேட்டு வாங்குவார். அந்த முத்திரை இறைச்சியைப் பற்றி என்ன சொல்கிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்றைக்கு மேடையில் பேசியவர் பிராந்தியப் பணிப்பாளர் ஷிப்லி. கழுத்துப்பட்டி கட்டி, அந்த வெக்கையிலும் கோட் போட்டிருந்தார்.

"பயணம் போகும் மனிதனுக்கு மூன்று எதிரிகள்," என்றார் பணிப்பாளர். "ஒன்று, தெரியாத ஆள். அவன் ஏமாற்றுவான். இரண்டு, தெரிந்த ஆள். அவன் தெரிந்துகொண்டே ஏமாற்றுவான். மூன்று, உங்கள் சொந்தப் புத்தி. ஏமாந்த ஒவ்வொருவரும் தன் புத்தியைப் பாவித்துத்தான் ஏமாந்திருக்கிறார். ஆகவே இந்த மூவரையும் நம்பாதீர்கள். முத்திரையை நம்புங்கள்!"

சனங்கள் கைதட்டினார்கள். ஆதம்பாவாவுக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அதற்குக் காரணம் வீட்டில் இருந்த மைமூனா.

மைமூனா அவருடைய மனைவி. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் கேட்ட பொருள் என்று ஒன்றும் இல்லை. ஒரே ஓர் ஆசையை மட்டும் ஒவ்வொரு வெயில் காலத்திலும் சொல்லுவாள்.

"எனக்கு நகை நட்டு ஒண்டும் வேணா மச்சான். வாயத் துறந்தாப் புகை வாற குளிரில ஒருக்கா நிக்கணும். அவ்வளவுதான்."

பிள்ளைகள் பிறந்தார்கள், படித்தார்கள், கடல் வந்து வீட்டைக் கொண்டுபோயிற்று, மறுபடியும் வீடு கட்டினார்கள். குளிருக்கு மட்டும் போகக் கிடைக்கவில்லை. இப்போது மகன் பர்ஸான் கட்டாரில் வேலை. "உம்மாவ நுவரெலியாக்குக் கூட்டிட்டுப் போங்க வாப்பா" என்று காசும் அனுப்பிவிட்டான். மைமூனாவுக்கு மூச்சுத் திணறும் முட்டு வருத்தம் இருந்ததால் டொக்டரிடம் கேட்டார்கள். நல்ல வெதுவெதுப்பான அறை என்றால் போய்வரலாம் என்றார் அவர்.

சீலைக்கடையில் கூட வேலை செய்யும் ஒருவர், நுவரெலியா டவுனில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் தன் மச்சினனிடம் மேல்மாடி அறை ஒன்று இருப்பதாகவும், நம்ம ஊர்க் குடும்பங்கள் அடிக்கடி தங்குவதாகவும் சொன்னார். ஆதம்பாவா மெதுவாகத் தலையை ஆட்டி மறுத்தார். முத்திரை இல்லாத அறை. சொல்பவரோ தெரிந்த ஆள், அதாவது இரண்டாவது எதிரி.

சபையின் இணையத்தளத்தில் தேடியபோது மலைநாட்டுக்கென்று ஒரேயோர் இடம் முத்திரையோடு மின்னிக்கொண்டிருந்தது. குளிர்முகில் இல்லம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் புள்ளி. படத்தில் மரத்தாலான வீடு, புகைபோக்கி, கூரை முழுக்க வெள்ளை வெளேரென்று உறைபனி.

"நுவரெலியால ஐஸ் கொட்டுமா மச்சான்?" என்று மைமூனா கேட்டாள்.

"சபை சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்."

தொலைபேசியில் பேசிய முகாமையாளரின் குரல் தேனில் ஊறவைத்த பேரீச்சம்பழம் மாதிரி இருந்தது. "ஐயா, அம்மாக்கு முட்டு எண்டு சொன்னீங்க, நான் அறைய முந்தியே சூடாக்கி வெப்பன். முத்திரை இரிக்கிற இடம், நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க." ஆதம்பாவா ஒன்றும் யோசிக்கவில்லை. முழுக் காசையும் முன்கூட்டியே அனுப்பினார்.

மைமூனா மகன் அனுப்பிய கம்பளிச் சட்டையைக் கல்முனையிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். வேர்த்து ஒழுகியது. கழற்று என்றால் கேட்கவில்லை. "அங்க போய்ப் போட்டா பழகாது" என்றாள்.

நுவரெலியாவில் இறங்கி ஓட்டோ பிடித்துப் போன் காட்டிய இடத்துக்குப் போனார்கள். தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி ஒரு வளைவில் ஓட்டோ நின்றது. அங்கே முட்டைக்கோவா வெட்டி முடிந்த ஒரு சரிவான வெறுங்காணி இருந்தது. நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். பக்கத்தில் ஒரு மட்டக்குதிரை புல் மேய்ந்துகொண்டிருந்தது. தூறல் விழுந்தது.

"வேறெங்கயும் போகணுமா?" என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

ஆதம்பாவா முகாமையாளருக்குப் போன் எடுத்தார். தொடர்பு கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தார். மட்டக்குதிரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் குனிந்துகொண்டது.

மைமூனா குடையின் கீழ் நின்று வாயைத் திறந்தாள். புகை வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இருமல் தொடங்கியது.

"பாத்துட்டன் மச்சான்," என்றாள் இருமலுக்கு இடையில். "போவம்."

விடுமுறைக் காலம், ஒரு விடுதியிலும் இடம் இல்லை. பஸ் தரிப்பிடத்தின் தகரக் கூரைக்குக் கீழே குந்தியிருந்து, கிடைத்த பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

அடுத்த வாரம் ஆதம்பாவா கைபிடி இல்லாத படிக்கட்டில் ஏறினார். பணிப்பாளர் ஷிப்லி அவரை அன்போடு வரவேற்றுக் கதிரையில் உட்காரவைத்தார். பக்கத்தில் மதிப்பீட்டு உத்தியோகத்தர் கனகரெத்தினம் இருந்தார். பாண்டிருப்புக்காரர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். எதைச் சொன்னாலும் முகம் மாறாது.

"அங்க வீடே இல்ல சேர்," என்றார் ஆதம்பாவா.

"எந்த இடத்தில?"

"குளிர்முகில் இல்லத்தில."

"அப்ப இடத்தக் கண்டிரிக்கீங்க."

"இடத்தக் கண்டன். வீட்டத்தான் காணல்ல."

பணிப்பாளர் கனகரெத்தினத்தைப் பார்த்தார். கனகரெத்தினம் ஒரு கடதாசியைப் புரட்டினார். "தொண்ணூற்றெட்டுப் புள்ளி சேர். சன்னலுக்குத் திரைச்சீலை இல்லை எண்டு ரெண்டு புள்ளி குறைச்சிருக்கிறன்."

"பாருங்க ஹாஜியார்," என்றார் பணிப்பாளர். ஆதம்பாவா ஹஜ்ஜுக்குப் போனவர் அல்லர். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பணிப்பாளர் தொடர்ந்தார். "சன்னலே இல்லாத இடத்தில திரைச்சீலை இல்லை எண்டு ஒரு அரச உத்தியோகத்தர் எழுதுவாரா? அத்தாட்சிப் பத்திரம் இங்க இருக்கு. பத்திரம் இருந்தா வீடு இருக்கணும். வீடு இல்லாட்டி அது வீட்டிட குறை. எங்கட குறை இல்ல."

"சேர், நான் காசு குடுத்து..."

"உங்களுக்கு அங்க யாரும் அடிச்சாங்களா?"

"அங்க யாருமே இல்ல சேர்."

"களவு போனதா?"

"இல்ல."

"தீப்பிடிச்சதா? கூரை விழுந்ததா? பொம்பளைப் பிள்ளைகளோட யாரும் வில்லங்கப்பட்டாங்களா?"

"கூரை இருந்தாத்தானே சேர் விழும்."

"அப்ப பாதுகாப்பான இடம்," என்று பணிப்பாளர் முடித்துவைத்தார். "நாட்டில எத்தனையோ விடுதியில தீப்பிடிக்குது, கூரை விழுது. இந்த இடத்தில ஒரு ஆபத்தும் நடக்க வழியே இல்ல. தொண்ணூற்றெட்டு எண்டது குறைவு எண்டுதான் எனக்குப் படுது."

எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது என்று ஆதம்பாவாவுக்குத் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு வசனமும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருந்தது.

"எண்டாலும் எனக்கு ஒரு முறைப்பாடு குடுக்கணும் சேர்."

"தாராளமா. ஆனா தங்கினவர் மட்டும்தான் தங்குமிடத்தப் பத்தி முறைப்பாடு செய்யலாம். நீங்க தங்கல்ல. தங்காத இடத்தப் பத்திக் கதைச்சா அது அவதூறு."

கீழே இறங்கும்போது கனகரெத்தினம் பின்னால் வந்து, விழுந்துவிடாமல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். "காக்கா, கோவிக்காதீங்க. நான் அந்த இடத்துக்குப் போகல்ல. அவங்க அனுப்பின படத்தப் பாத்துத்தான் புள்ளி போட்டன். படத்தில திரைச்சீலை இல்ல. போகலாம் எண்டா வாகனம் கேக்கணும். வாகனம் கேட்டா ஏன் போறாய் எண்டு விசாரணை வரும். போகாட்டி ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க. வேலையில சேந்து இவ்வளவு காலத்தில நான் பழகினது அதுதான்."

அந்த மனிதரிடம் கோபிக்கவும் ஆதம்பாவாவால் முடியவில்லை. படிக்கட்டில் தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

பர்ஸான் கட்டாரிலிருந்து கொழும்புத் தலைமையகத்துக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பினான். அதன் பலனாக ஒருநாள் சபையின் வான் வண்டி ஆதம்பாவாவின் வாசலில் வந்து நின்றது. கள ஆய்வுக்குப் போகவேண்டும், பதிவு செய்தது இரண்டு பேருக்கு என்பதால் மனைவியும் வரவேண்டும் என்றார் பணிப்பாளர்.

"எனக்கு ஏலா மச்சான்," என்றாள் மைமூனா. போன தடவை பிடித்த இருமல் இன்னும் விடவில்லை.

"ஒருக்கா வாகா. அவங்க வந்து கண்ணால கண்டா எல்லாம் சரியாகிரும். முத்திரையக் கழட்டிருவாங்க. நமக்கு நடந்தது வேற ஆளுக்கு நடக்காது."

வேறு ஆளுக்கு நடக்காது என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் மைமூனா கிளம்பினாள்.

வெறுங்காணி வைத்த இடத்திலேயே இருந்தது. மட்டக்குதிரையும் இருந்தது. பணிப்பாளர் வானை விட்டு இறங்கி, கோட்டைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். அவருடைய முகத்தில் உண்மை தெரிந்தது என்றே ஆதம்பாவாவுக்குப் பட்டது. வாயைத் திறந்து, 'ஆமாம், இங்கே ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிடுவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பணிப்பாளர் வாயைத் திறந்தார். "காற்றோட்டம் எப்படி?"

"மிகச் சிறப்பு சேர்," என்றார் கனகரெத்தினம்.

"இயற்கைக் காட்சி?"

"எந்தப் பக்கமும் மறைப்பு இல்லை சேர்."

"நீர் வசதி?"

கனகரெத்தினம் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

"விருந்தினர் பொழுதுபோக்கு?"

கனகரெத்தினம் மட்டக்குதிரையைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

ஆதம்பாவா முன்னால் வந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவருடைய குரல் உயர்ந்தது. "சேர், கட்டடம் எங்க சேர்? கட்டடம்?"

பணிப்பாளர் அவரைத் தனியே அழைத்துப்போய்த் தோளில் கைபோட்டார். "ஹாஜியார், நான் இந்த முத்திரைய இண்டைக்குக் கழட்டினா நாளைக்கு நாட்டில இருக்கிற எல்லா முத்திரையையும் சனம் சந்தேகிக்கும். சனத்திட நம்பிக்கையக் காப்பாத்தத்தான் இந்தச் சபை இருக்கு. ஒரு வீடு இல்லை எண்ட சின்ன விஷயத்துக்காக ஒரு நாட்டிட நம்பிக்கைய உடைக்கலாமா? நீங்களே சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கட காசு திரும்ப வர ஒரே வழி முறைப்பாடு. முறைப்பாட்டுக்கு நீங்க தங்கினவரா இருக்கணும். இப்ப தங்கிக்காட்டுங்க. நாங்க சாட்சி. எல்லாத்தையும் நான் பாத்துக்கிறன்."

"எங்க சேர் தங்குற?"

"தங்குதல் எண்டதுக்குச் சட்டத்தில விளக்கம் இருக்கு. படுக்கணும், கண்ண மூடணும், கண்ணத் துறக்கணும். கால அளவு சொல்லப்படல்ல."

வானிலிருந்து ஒரு பாயை எடுத்துவந்து ஈரப் புல்லில் விரித்தார்கள். பட்டப்பகலில், அரச உத்தியோகத்தர்களின் முன்னிலையில், ஆதம்பாவா சாரத்தைச் சரிசெய்துகொண்டு அதில் மல்லாந்து படுத்தார். மைமூனா பக்கத்தில் குந்தி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அவருடைய முகத்தில் தூறல் விழாமல் குடையைப் பிடித்தாள். படுக்கச் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள். 'பெண் விருந்தினர் ஓய்வாக அமர்ந்திருந்தார்' என்று கனகரெத்தினம் எழுதிக்கொண்டார்.

"கண்ண மூடுங்க... துறங்க. எப்படி இருந்தது? பயமா இருந்ததா?"

"இல்ல சேர்."

"ஏதும் களவு போனதா?"

"களவெடுக்க என்ன இரிக்கி..."

"இல்லை எண்டு சொன்னாப் போதும். கமெராவப் பாத்துச் சொல்லுங்க."

"இல்ல," என்றார் ஆதம்பாவா கமெராவைப் பார்த்து.

வானுக்குள் உட்கார்ந்து எல்லோரும் சோத்துப் பார்சல் சாப்பிட்டார்கள். மைமூனா சாப்பிடவில்லை. வரும் வழி முழுக்கக் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருமினாள். மஹியங்கனை தாண்டி வெக்கை அடிக்கத் தொடங்கியதும், "நம்மட வெக்கை நல்லம் மச்சான்," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் குளிரைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

சில வாரங்களில் முடிவு வந்தது. முறைப்பாட்டாளர் குறித்த இடத்தில் தம் துணைவியாருடன் தங்கினார் என்றும், பயமோ களவோ ஏற்படவில்லை என்று தாமாகவே கூறினார் என்றும், முறைப்பாடு திருப்தியுடன் தீர்க்கப்பட்டது என்றும் அதில் இருந்தது. குளிர்முகில் இல்லத்துக்குப் பொன் முத்திரை கிடைத்தது. கரையோரத்தின் முதலாவது உறுதிப்படுத்தப்பட்ட விருந்தினர் என்று ஆதம்பாவாவுக்குக் கல்முனை மண்டபம் ஒன்றில் பொன்னாடை போர்த்தப்போவதாகவும் எழுதியிருந்தார்கள்.

போகக்கூடாது என்றுதான் ஆதம்பாவா முதலில் நினைத்தார். பிறகு, ஒலிவாங்கி கிடைக்கும், நாலு பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனார். அது அவருடைய சொந்தப் புத்தி.

மண்டபம் நிறைந்திருந்தது. அக்கரைப்பற்றிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். பணிப்பாளர் ஷிப்லி பேசினார். "எமது சபை தோன்றிய பிறகு மலைநாட்டில் ஏமாந்ததாக இந்தப் பிராந்தியத்தில் நிரூபிக்கப்பட்ட முறைப்பாடு ஒன்றுகூட இல்லை. வந்த ஒரேயொரு முறைப்பாட்டாளரும் இதோ, இன்று எமது விருந்தினர்!"

பொன்னாடை விழுந்தது. அடுத்து, விருதைப் பெறவேண்டிய இல்ல முகாமையாளர் விருந்தினர்களின் நெருக்கடி காரணமாக வரமுடியவில்லை என்றும் தொலைபேசியில் நன்றி கூறுவார் என்றும் அறிவித்தார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு அந்தக் குரல் மண்டபம் முழுக்க வழிந்தது.

"ஐயாமார், அம்மாமார் எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். விசேஷமா ஆதம்பாவா ஐயாக்கு நன்றி. அம்மாட முட்டு இப்ப சுகமா ஐயா?"

ஆதம்பாவா பொன்னாடையோடு துள்ளி எழுந்தார். ஒலிவாங்கியை எட்டிப் பிடித்தார். "இவன்தான்!" என்று கத்தினார். "இவன்தான் ஆள்! இந்தக் குரல்தான்!"

சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தன்னை அவ்வளவு நன்றாகக் கவனித்த மனிதரை அவர் அடையாளம் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். "அங்க வீடே இல்ல! வெறும் புல்லுத்தான்!" என்று அவர் சொன்ன நேரம் கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை. பணிப்பாளர் ஒலிவாங்கியை மெதுவாக வாங்கிக்கொண்டார். "ஹாஜியார் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். புல்வெளியை மறக்க முடியவில்லை என்கிறார்."

அந்த வீடியோவைச் சபை தன் முகநூலில் போட்டது. புல்லில் படுத்த காட்சியின் ஓரங்களை வெட்டி, முகத்தை மட்டும் காட்டி, 'பயமா இருந்ததா? இல்லை' என்ற பகுதியையும் சேர்த்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டில் தையற்காரர் இப்றாஹிம் இருந்தார். அவருடைய மகள் கமீலாவுக்கு அப்போதுதான் கலியாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை முர்ஷித். புதுசாக முடித்த இருவரும் குளிர்முகில் இல்லத்துக்குப் போக ஆயத்தம் என்று கேள்விப்பட்டதும் ஆதம்பாவா வேலியைச் சுற்றிப் போகவும் பொறுமையில்லாமல், இருந்த ஓட்டையால் நுழைந்து போனார்.

"இப்றாஹிம், அல்லாஹ்வுக்காகச் சொல்றன், அனுப்பாதீங்க. அங்க ஒண்டுமே இல்ல. என்னப் புல்லில படுக்கவெச்சுத்தான் படம் எடுத்தானுகள்."

இப்றாஹிம் தையல் மிஷினை நிறுத்தினார். "காக்கா, நீங்க பொன்னாடை போத்தி நிண்டத நான் இந்தக் கண்ணால கண்டன். இவன்தான், இவன்தான் எண்டு மகன்ட பேரச் சொல்ற மாதிரி அந்த மனேஜரச் சொன்னீங்க. இப்ப எண்ட புள்ள போற எண்டதும் வீடு இல்ல எண்டுறீங்க. நீங்க போன இடத்துக்கு நாங்க போகக்கூடாதா?"

"அப்படி இல்ல தம்பி..."

"போங்க காக்கா. நல்ல காரியத்துக்குக் கிளம்புற நேரம்."

கமீலாவும் முர்ஷித்தும் போனார்கள். திரும்பியும் வந்தார்கள். வெறுங்காணியில் இரண்டு பேரும் சண்டை பிடித்ததாகவும், ஏன் விசாரிக்காமல் புக் பண்ணினாய் என்று அவள் கேட்டதற்கு, உன் வாப்பாவின் பக்கத்து வீட்டுக்காரன் சொன்னதைத்தான் நம்பினேன் என்று அவன் கை ஓங்கியதாகவும் பிறகு தெரிந்தது. முர்ஷித் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

அவர்களுக்குப் பிறகு அக்கரைப்பற்றிலிருந்து ஒரு குடும்பம், திருக்கோவிலிலிருந்து சில ஆசிரியைகள், இன்னும் பலர் போனார்கள். எல்லோரும் மட்டக்குதிரையைக் கண்டு திரும்பினார்கள். இனிச் சத்தத்தை மறைக்க முடியாது என்ற நிலை வந்தபோது சபை ஓர் ஊடகச் சந்திப்பை வைத்தது.

"எமது சபை நடத்திய துணிச்சலான புலனாய்வில்," என்றார் பணிப்பாளர், "குளிர்முகில் இல்லம் என்று ஓர் இடம் இல்லவே இல்லை என்பதைக் கண்டுபிடித்துள்ளோம்."

நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். அப்படியானால் இருப்பதாகச் சொன்னது யார் என்று ஒருவர் கேட்டார்.

"அங்கு தங்கியதாகக் கமெரா முன் கூறிய ஒரேயொரு நபர் இருக்கிறார்," என்றார் பணிப்பாளர் வருத்தத்தோடு.

பணிப்பாளரே ஆதம்பாவாவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"இல்லாத இடத்தில எப்படித் தங்கினீங்க?"

"நீங்கதானே சேர் என்னப் படுக்கச் சொன்னீங்க."

"ஹாஜியார், கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. ஒரு அரச சபையிட பணிப்பாளர், கோட் போட்ட மனிசன், வயசான ஒருத்தரப் பட்டப்பகலில வெறுங்காணியில படுத்துக் கண்ண மூடச் சொல்லுவாரா? உலகத்தில யாரும் நம்புவாங்களா?"

ஆதம்பாவா யோசித்துப் பார்த்தார். உண்மையில் யாரும் நம்பமாட்டார்கள் என்றே அவருக்கும் பட்டது. கனகரெத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார். கனகரெத்தினம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வூதியத்துக்கு அவருக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் இருந்தது.

பொலிசுக்குக் கொடுக்காமல் விட்டது சபையின் கருணை. பதிலாக ஒரு சுவரொட்டி அடித்தார்கள். பொன்னாடையோடு ஆதம்பாவா சிரிக்கும் படம். அதற்குக் கீழே, 'அன்பாகப் பேசி இடம் காட்டும் நபர்களை நம்பாதீர்கள். முத்திரையை நம்புங்கள்.' சீலைக்கடை முதலாளி நல்ல மனிதர். கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருங்கள் காக்கா, வாடிக்கையாளர்கள் ஒருமாதிரிப் பார்க்கிறார்கள் என்று பக்குவமாகத்தான் சொன்னார். மைமூனா வேலியில் இருந்த ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்தாள். இப்றாஹிமின் பக்கத்திலிருந்து வரும் பேச்சு தன் காதில் விழக்கூடாது என்பதற்காக.

ஒருநாள் அந்திநேரம், மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, மைமூனாவுக்கு முட்டு மருந்து வாங்கிக்கொண்டு கல்முனை பஸ் நிலையத்தில் ஆதம்பாவா நின்றுகொண்டிருந்தார். மன்னாரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அங்கே தவித்துக்கொண்டு நின்றது. புருசன், மனைவி, தூக்கத்தில் அழும் இரண்டு சின்னப் பிள்ளைகள். அறுகம்பை போகிற கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார்கள்.

"ஐயா," என்று அந்த மனிதர் வந்து கேட்டார், "பிள்ளைகளோட தங்க இங்க நல்ல இடம் ஏதும் இருக்குதா?"

ஆதம்பாவாவுக்குத் தெரிந்த இடம் இருந்தது. தன்னுடைய வீட்டின் முன்னறையே வெறுமையாகக் கிடந்தது. காசும் வேண்டாம், மைமூனா பிள்ளைகளைக் கண்டால் சோறு பிசைந்து ஊட்டிவிடுவாள், கனநாளைக்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தம் இருக்கும்.

"ஓம் தம்பி, எங்கட வீட்டுக்கு வாங்க," என்றார். "பக்கத்திலதான். பயப்படாதீங்க, நான் கூட்டிட்டுப் போறன்."

மனைவி புருசனின் கையைச் சுண்டினாள். அவள் பார்த்த பக்கம் ஆதம்பாவாவும் திரும்பினார். அவருடைய தலைக்கு மேலே, தூணில் ஒட்டிய சுவரொட்டியில், அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பையை எடுத்து மற்றத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஓர் ஓட்டோ வந்து நின்றது. முன்கண்ணாடியில் உறுதிச் சபையின் முத்திரை ஸ்டிக்கர் புதுசாக மின்னியது. "ரூம் தேடுறீங்களா ஐயா? ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. முத்திரை இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறன்," என்றான் உள்ளே இருந்தவன்.

குரல் தேன் மாதிரி இருந்தது. அதே ஆளா, அதே தொழிலா என்று ஆதம்பாவாவால் சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் எல்லாக் குரலும் அவருக்கு அப்படித்தான் கேட்டது.

"போகாதீங்க," என்றார். சொல்லும்போதே, அதைச் சொல்லத் தன்னைவிடத் தகாத ஆள் இந்தப் பஸ் நிலையத்தில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. தாய் பிள்ளைகளை அவசரமாக உள்ளே தள்ளிவிட்டுத் தானும் ஏறினாள். ஏறியபிறகுதான் அவளுடைய முகத்தில் நிம்மதி வந்தது.

ஓட்டோ பிரதான வீதியில் ஏறி, எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்றது. பிறகு விடுதிகள் ஒன்றுமே இல்லாத பக்கமாகத் திரும்பிப் போயிற்று.